பிழைக்குச் சிவப்பு நூல்

கல்லடியில் அந்தக் காலத்தில் கடலுக்குப் போன ஆண்கள் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தினால், நாலு பேர் இடுப்பில் கட்டிய சாறனிலாவது சிவப்பு நூல் தையல் இருக்கும். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். வெள்ளைச் சாறனிலும் சிவப்பு, நீலச் சாறனிலும் சிவப்பு, ஒருவருடைய கறுப்புக் குடையில்கூடச் சிவப்பு. வெளியூர்க்காரர் பார்த்தால் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொள்வார்கள். நேர்த்தி ஒன்றுமில்லை. ஒவ்வொரு சிவப்புத் தையலும், என் பக்கத்து வீட்டு நோனா காற்றைப் பற்றிச் சொன்ன ஒரு பிழை.

நோனா என்பது பறங்கிப் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். அவவுக்குப் பெயர் இருந்தது. மாதா கோவில் பதிவில் அது ஐந்து சொல் நீளத்துக்கு இருந்ததாகக் கேள்வி. யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. நானும் இங்கே எழுதவில்லை. புருசன் பாய்க்கப்பலில் தச்சனாக இருந்தவர். அவரைக் கடல் கொண்டுபோனது என்று யாராவது பரிதாபப்பட்டால் உடனே திருத்துவா. "கடல் அவர ஒண்டும் செய்யல்ல. காய்ச்சல்தான் எடுத்தது. கடல்ல வீணாப் பழி போடாதீங்க."

நான் அப்போது கல்லடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வாவிக்குப் பாலம் போட்டுச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், இரண்டுக்கும் நடுவில் இந்த மணல் துண்டு. புயல் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்ற கவலையிலேயே எனக்குப் பாதித் தூக்கம் போயிற்று. அப்படிப்பட்டவனுக்கு, காற்றை முன்கூட்டிச் சொல்லும் ஒரு பெண்மணி வேலிக்கு அப்பால் குடியிருந்தது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்! ஆனால் அவ சொன்னது பெரும்பாலும் பிழையாகப் போகும். அதுவும் ஒரு கவலையாகச் சேர்ந்துகொண்டது.

புருசன் விட்டுப்போன சொத்து இரண்டு. ஒன்று தையல் மெசின். மற்றது ஒரு வட்டப் பெட்டி. பித்தளை விளிம்பு, கண்ணாடி முகம், உள்ளே ஒரு நீல முள். காற்றின் பாரத்தை அளக்கும் கருவி அது. ஊரார் அதைக் 'காத்து மணிக்கூடு' என்றார்கள். முள்ளைச் சுற்றி, புயல், மழை, நல்ல வெயில் என்று இங்கிலீசில் அச்சடித்திருந்தது. அதெல்லாம் சீமைக் காற்றுக்கு எழுதியது. நம்முடைய கடலில் அந்த முள் வருடம் முழுவதும் ஒரே இடத்தில்தான் நிற்கும். அசைந்தால் ஒரு நெல்லின் அகலம் அசையும். நோனா அந்தச் சொற்களின் மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டா. கண்ணாடியின் மேல் இன்னொரு பித்தளைக் கம்பி உண்டு. இன்றைக்கு முள் நிற்கும் இடத்தில் அதைத் திருப்பி வைத்துவிட்டால், நாளைக்கு முள் ஏறியதா இறங்கியதா என்று தெரியும். விரல் நுனியில் மாட்டியிருக்கும் தையல் தொப்பியால் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டுவா. முள் கம்பிக்குக் கீழே விழுந்திருந்தால் வாயில் உள்ள குண்டூசிகளைத் துப்பிவிட்டு வெளியே ஓடுவா. வீட்டு மூலையில் நட்டிருந்த கம்பத்தில் சிவப்பு மேசைவிரிப்பு ஏறும். கடற்கரையிலிருந்து பார்த்தால் தெரியும். அன்றைக்குத் தோணி தள்ள மாட்டார்கள்.

பட்டினத்துத் தபாற் கந்தோரில், கொழும்பிலிருந்து வரும் வானிலைத் தந்தியைப் பலகையில் ஒட்டுவார்கள். நான் சைக்கிளில் பாலம் கடந்து போய் வாசித்துவிட்டு வருவேன். விரிகுடாவின் தென்பாகத்தில் மிதமான வடகீழ்க் காற்று என்று இருக்கும். விரிகுடா பெரியது. கல்லடி அதன் ஓரத்தில் ஒரு புள்ளி. ஆகவே கல்லடிக்காரர் கம்பத்தைத்தான் பார்த்தார்கள்.

காற்றைச் சொல்பவர்கள் அதற்கு முன்னும் இருந்தார்கள். மேகத்தைப் பார்த்துச் சொன்னார்கள், முழங்கால் வலியை வைத்துச் சொன்னார்கள். சொன்னது நடந்தால் வருடக்கணக்கில் பேசுவார்கள். நடக்காவிட்டால் அப்படிச் சொல்லவேயில்லை என்பார்கள். நோனா வேறு மாதிரி. விரிப்பு ஏறி, காற்று வராமல் போனால், அடுத்த நாள் விடியற்காலையில் கடற்கரைக்கு நடந்துபோய், எல்லாத் தோணிகளுக்கும் முன்னால் நின்று சொல்லுவா.

"நேத்து நான் சொன்ன காத்து வரல்ல. பிழை என்ட பிழைதான். ஒரு நாள் உழைப்புப் போச்சு. வீட்டுக்கு ஒரு கிழிஞ்ச உடுப்புக் கொண்டாங்க, சும்மா தைச்சுத் தாறன்."

தோணிக்காரர் விடுவார்களா? சின்னத்தம்பி என்பவர்தான் அங்கே தோணிகளுக்குத் தலைவர். தண்டையல் என்று சொல்வார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"கீரிமீன் கரையில குதிச்சிது நோனா. நாங்க குந்தியிருந்து பாத்துக்கிட்டிருந்தம். நல்ல காட்சி."

"ஓம் தண்டையல். அதுக்குத்தான் வந்திரிக்கன்."

பின்னாலிருந்து ஒருவன் கத்துவான். "நோனா, என்ட சாறன் கிழியல்ல. மனசுதான் கிழிஞ்சிரிக்கி. தைப்பீங்களா?"

"அதுக்கு இந்த ஊசி காணாது மகன். சாக்கூசி வேணும். கொண்டா, பாப்பம்."

அந்தத் தையலுக்குத்தான் சிவப்பு நூல். காசுக்குத் தைத்தால் துணியின் நிறத்திலேயே நூல் போடுவா. தையல் இருப்பதே தெரியாது. பிழைக்குத் தைத்தால் எந்த நிறத் துணியானாலும் சிவப்பு. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"என்ட பிழை தூரத்திலயே தெரியோணும் மாஸ்டர். இல்லாட்டி நானே மறந்திருவன்."

இது காற்றோடு நிற்கும் குணமல்ல. எனக்கு ஒரு கோட்டுத் தைத்தபோது இடது கை அரை அங்குலம் குட்டையாகிவிட்டது. நான் கவனிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் நின்ற கூட்டத்துக்கு நடுவில், "மாஸ்டருட இடக்கையப் பாருங்க, நான் வெட்டின பிழை" என்று என் கையைத் தூக்கிக் காட்டினா. பூசைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கோட்டைப் போடும்போதெல்லாம் இடது கையைப் பையிலேயே வைத்திருந்தேன்.

இன்னொரு சம்பவம். கொக்கட்டிச்சோலைத் தேருக்கு முதல் நாள் விரிப்பு ஏறியது. வாவியில் வள்ளம் விடுகிறவர்கள் பயந்து நின்றுவிட்டார்கள். அக்கரையில் வட்டைக்குள் வயல் வைத்திருக்கும் ஒரு போடியார், கல்லடியில் மகள் வீட்டுக்கு வந்திருந்தவர், தேருக்குத் திரும்பிப் போக முடியாமல் அகப்பட்டுக்கொண்டார். காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. முப்பது வருடத்தில் அவர் பார்க்காமல் விட்ட முதல் தேர் அது. அடுத்த கிழமை நோனா வள்ளமேறி வாவி கடந்து, ஊசியும் நூலுமாக அவர் வீட்டு வாசலில் போய் நின்றா. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனா. வள்ளம் ஒழுகியது. போகும்போதும் வரும்போதும் நான்தான் தண்ணீர் இறைத்தேன்.

"என்ன நோனா, வாவி கடந்து வந்து கேக்கிறதுக்கு நான் என்ன கவுணரா?" என்றார் போடியார்.

"கவுணர் எண்டா வந்திரிக்க மாட்டன். கிழிஞ்ச உடுப்பு ஒண்டு தாங்க."

போடியார் வீட்டில் கிழிந்த உடுப்பு இருப்பதாக ஒப்புக்கொண்டால் மரியாதை என்னாவது? "எங்கட வீட்டில கிழிஞ்சது ஒண்டுமில்ல" என்று மீசையைத் தடவினார். நோனா முற்றத்தைச் சுற்றிப் பார்த்தா. நெற்சாக்குகள் அடுக்கியிருந்தன. எலி கடித்து நெல் சிந்திக்கொண்டிருந்தது.

"அப்ப இதென்ன, சாக்கு பூத்திரிக்கா?"

பதினேழு சாக்குகள். எல்லாவற்றையும் சாக்கூசியால் சிவப்பு நூல் போட்டுத் தைத்துவிட்டுத்தான் எழும்பினா. போடியாரின் மனைவி தயிரும் சோறும் போட்டு அனுப்பினா. சில வருடங்களுக்குப் பிறகும் அந்தச் சாக்குகளில் ஒன்றிரண்டைப் பட்டினத்து நெல் ஆலையில் கண்டிருக்கிறேன்.

இப்படியே போனால் இதெல்லாம் சிரிப்பாகவே முடிந்திருக்கும். ஆனால் ஒரு தீபாவளிக்கு முன் மூன்று தரம் அடுத்தடுத்து விரிப்பு ஏறியது. மூன்று தரமும் காற்று வரவில்லை. பெண்கள் அவசரப்பட்டு விரிப்பு ஏறிய உடனேயே கிழிந்த உடுப்போடு வரத் தொடங்கினார்கள். தண்டையலின் மனைவி பூரணம் வேலிக்கு மேலால் சாறனைப் போட்டுவிட்டு, "நாளைக்கி எப்பிடியும் தைக்கத்தானே போறீங்க நோனா. இண்டைக்கே வெச்சிட்டுப் போறன்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நோனாவும் சிரித்தா. தண்டையல் சிரிக்கவில்லை. மூன்றாம் தரம் கடற்கரையில் நோனா பேசி முடித்ததும் அவர் சொன்னார்.

"சாறன் தைச்சா வயிறு நிரம்பாது நோனா. இன்னொரு தரம் பிழையாப் போச்செண்டா அந்தக் கம்பத்த வெட்டி அடுப்புக்கு வைப்பன். கோவிச்சுக்கொள்ளாதீங்க."

"நான் கோவிச்சுக்கொள்ளல்ல. கத்தி இல்லாட்டி என்ட வீட்டில இரிக்கி" என்றா.

எனக்கும் எரிச்சல்தான். விரிப்பு ஏறும் ஒவ்வொரு தரமும் நான் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக் கயிற்றால் கட்டுவேன், மறுநாள் அவிழ்ப்பேன். அன்று மாலை வேலியில் நின்று அந்த எரிச்சலைக் கணக்காகவே கொட்டினேன்.

"மூண்டு வருசத்தில பதினாலு தரம் விரிப்புப் போட்டிரிக்கீங்க நோனா. அஞ்சு தரம் காத்து வந்திச்சு. ஒம்பது தரம் வரல்ல. அந்த ஒம்பதும் எப்ப தெரியுமா? தேர், தீபாவளி, காத்தான்குடிப் பெருநாள், நத்தார் எண்டு ஆக்கள் உடுப்புத் தைக்கக் குடுக்கிற கிழமையிலதான். புதுச் சட்டைக்கும் புயலுக்கும் என்ன பகை?"

நோனா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தா.

"அந்தக் கிழமையில நான் மத்தியானம் சாப்பிட ஒழும்புறல்ல மாஸ்டர்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"சாப்பிட ஒழும்பக்குள்ளதான் முள்ளப் பாக்கிறது. வேலை கூடின நாளையில பின்னேரம், ஊசிக்கண் தெரியாமப் போகக்குள்ளதான் ஒழும்புவன். அப்பதான் பாப்பன்."

அவ திரும்பி வீட்டுக்குள்ளே காத்து மணிக்கூட்டைப் பார்த்தா. பிறகு அவ சொன்னா, "பின்னேரத்தில இதுக்கு என்னமோ நடக்குது."

அடுத்த நாளிலிருந்து, பள்ளிக்கூடத்தில் பாடத்துக்குப் பாடம் மணி அடிக்கும்போதெல்லாம், பள்ளி விட்ட பிறகு படுக்கும் வரையும், அவ எழுந்து முள்ளைப் பார்த்தா. எழுதி வைக்கவில்லை. ஒரு நீளமான வெள்ளைத் துணித் துண்டை எடுத்து, முள் ஏறியிருந்தால் ஒரு தையல் மேலே, இறங்கியிருந்தால் ஒரு தையல் கீழே என்று சிவப்பு நூலால் தைத்துக்கொண்டே போனா. தூங்கிய நேரத்துக்கு வெறுந்துணி. நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. சிவப்புக் கோடு அலைபோல் இருந்தது. தினமும் காலை பத்து மணிவரை ஏறி, அங்கிருந்து சரிந்து, பின்னேரம் நாலு மணிக்கு ஒரு நெல்லளவு கீழே வந்து, இரவு படுக்கும் முன் மறுபடி ஏறியது. நல்ல வெயில் நாளிலும் அப்படி. மழை நாளிலும் அப்படி. நேற்று மத்தியானத்து முள்ளோடு இன்று பின்னேரத்து முள்ளை ஒப்பிட்டால், எந்த நாளும் புயல் நாள்தான்.

நோனா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தா. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தா.

"ஒம்பது பிழை இல்ல மாஸ்டர். ஒரே பிழைய ஒம்பது தரம் விட்டிரிக்கன்!"

உடனே கடற்கரைக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று துடித்தா. ஆனால் அன்றிரவே மாரி பிடித்துக்கொண்டது. மூன்று கிழமை விடாத மழை. தோணிகள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. கடற்கரையில் கேட்பதற்கு ஆளில்லை. மரவள்ளிக் கிழங்கு அவியும் வாசனை மட்டும் எல்லா வீட்டிலிருந்தும் வந்தது. பிறகு அதுவும் குறைந்தது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மழை விட்டது. ஞாயிறு விடிந்தபோது வானம் கழுவித் துடைத்த மாதிரி. காற்று இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. மீன் கூட்டத்தின் மேல் பறவைகள் வட்டமிட்டன. நாலு தோணி, முப்பத்தொரு பேர். மத்தியானம் தள்ளி, இரவு கடலில் நின்று, விடியத் திரும்புவது என்று ஏற்பாடு. வலைகளை வெயிலில் விரித்துத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் எங்கள் வளவுவரை கேட்டது. மூன்று கிழமைக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்க எனக்கே சந்தோசமாக இருந்தது.

பூசைக்குப் போய் வந்த நோனா வேலியில் வந்து நின்றா. முகம் வெளுத்திருந்தது.

"மாஸ்டர், உங்கட கண்ணால ஒருக்காப் பாருங்க. என்ட கண்ண நான் நம்பல்ல."

போய்ப் பார்த்தேன். பத்து மணி. முள் உச்சியில் நிற்க வேண்டிய நேரம். முதல் நாள் பத்து மணிக்கு வைத்த பித்தளைக் கம்பியிலிருந்து மூன்று நெல் கீழே நின்றது. நோனா விரல் தொப்பியால் தட்டினா. இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"போடுங்க" என்றேன்.

அவ விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றா. "இன்னொரு தரம் பிழையெண்டா, இனி ஆரும் இந்தக் கம்பத்தப் பாக்க மாட்டாங்க. அப்ப உண்மையா வாற காத்த நான் ஆருக்குச் சொல்லுற?" வெளியே வெயில் மணலில் பளபளத்தது. அதைப் பார்த்து இன்னொரு கணம் நின்றா. பிறகு போய் ஏற்றினா.

முதலில் வந்தது பூரணம். பின்னால் இன்னும் ஆறு பெண்கள். கையில் கிழிந்த உடுப்புகள்.

"என்னகா நோனா, இண்டைக்கு என்ன பெருநாள்?"

"வெச்சிட்டுப் போ மகள்" என்றா நோனா. சிரிக்கவில்லை. பெண்கள் உடுப்புகளை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்ததாகத் தண்டையல் வந்தார். கையில் கத்தி.

"சொல்லிட்டுத்தான் வெட்டுறன் நோனா. மூணு கிழமையாப் புள்ளயளுக்கு ஒழுங்காச் சோறில்ல. வெளியில பாருங்க. இதுவா புயல்?"

"வெட்டுங்க. அதுக்கு முதல் உள்ளுக்கு வந்து இந்தத் துணிய ஒருக்காப் பாருங்க."

மேசையில் அந்த நீளத் துண்டை விரித்தா. தண்டையல் குனிந்து பார்த்தார்.

"இதென்ன, பாவாடைக் கரையா?"

"காத்து மணிக்கூடு நாலு நாள் விட்ட மூச்சு. ஒரு தையல் ஏறினா முள் ஏறினது. இறங்கினா இறங்கினது. இதில இரிந்து இது வரைக்கும் ஒரு நாள்."

தண்டையலுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அவருடைய பெருவிரல் அந்தக் கோட்டின் மேல் மெதுவாக நகர்ந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவரே சொன்னார்.

"இது பெருக்கு. இது வத்து. முகத்துவாரத்துத் தண்ணி மாதிரியெல்லோ இரிக்கி!"

"ஓம். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குப் பெருக்கு, பின்னேரம் நாலு மணிக்கு வத்து. அது தெரியாம, வத்து நேரத்தில பாத்திட்டுப் புயல் எண்டு ஒம்பது தரம் உங்கட வயித்தில அடிச்சிட்டன். தீபாவளிக்கு முதல் சொன்ன மூணும் அப்பிடிப் பிழைதான்."

தண்டையல் நிமிர்ந்தார். "இண்டைக்கு?"

"இண்டைக்குப் பெருக்கு நேரத்தில வத்துது தண்டையல்."

அவர் கத்தியை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துக் காத்து மணிக்கூட்டுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். நோனா தேத்தண்ணி கொடுத்தா. அவர் குடிக்கவில்லை. வெளியே தோணிக்காரர் கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தேன். "மாஸ்டர், தலை சுத்துது, ஒரு இடத்தில நில்லுங்க" என்று அவர் அதட்டும் வரை நடந்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முள் இன்னும் ஒரு நெல் இறங்கியிருந்தது. தண்டையல் அதைத் தன் விரல் நகத்தால் அளந்து பார்த்தார். எழுந்து வெளியே போனார்.

"தோணியத் தூக்குங்கடா. கடற்கரையில விடாதீங்க. வாவிப் பக்கம் கொண்டு போய்த் தென்னையில கட்டுங்க."

"என்ன தண்டையல், நோனா மருந்து போட்டிட்டாவா?" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது.

"தேத்தண்ணியில போட்டிருப்பா. அதுதான் நான் குடிக்கல்ல. தூக்கு!"

நோனா பின்னாலிருந்து கூப்பிட்டா. "தண்டையல், கத்திய விட்டிட்டுப் போறீங்க."

"இரிக்கட்டும். நாளைக்கித் தேவைப்படும்" என்றார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு வடக்கே வானம் செம்புப் பாத்திரம்போல் நிறம் மாறியது. நாலு மணிக்கு முதல் வாடைக்காற்று வந்து விரிப்பை அடித்தது. அதன் பிறகு நடந்ததை வர்ணிக்க எனக்குப் பிரியமில்லை. பொழுது சாயுமுன் தோணிகள் கிடந்த இடத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. கல்லால் கட்டிய கட்டடம் எங்கள் பள்ளிக்கூடம் ஒன்றுதான்; ஊரே அதற்குள் ஒதுங்கியது. நோனா ஒரு மூலையில், மடியில் காத்து மணிக்கூடும், அதன் மேல் பெண்கள் வைத்துவிட்டுப் போன கிழிந்த உடுப்பு மூட்டையுமாக உட்கார்ந்திருந்தா. கூரை ஓடு பறக்கும் ஒவ்வொரு முறையும் நான் கண்ணை மூடினேன். அவ ஒவ்வொரு முறையும் முள்ளைப் பார்த்தா. ஒரு நேரத்தில் என் கையைத் தட்டி, "ஏறத் தொடங்கிட்டு மாஸ்டர்" என்றா. அதற்குப் பிறகும் நெடுநேரம் காற்று அடித்தது. ஆனால் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று.

விடிந்ததும் நான் எழுந்து வகுப்பில் பெயர் கூப்பிடுவதுபோல ஆட்களை எண்ணினேன். கடலுக்குப் போக இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்று. தண்டையல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா மாஸ்டர்?"

"சரி" என்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறேன். விடை இவ்வளவு இனித்தது வேறெதிலும் இல்லை.

வெளியே கிடுகுக் கூரை ஒன்றுகூட மிஞ்சவில்லை. தென்னைகள் தலைகீழாகக் கிடந்தன. நாலு தோணிகளும் வாவிக் கரையில் கட்டிய இடத்தில் தண்ணீரும் மணலும் நிரம்பி, உடையாமல் நின்றன. நோனாவின் கம்பம் பாதியில் முறிந்திருந்தது. மத்தியானம் தண்டையலும் நாலு பேரும் வந்தார்கள். மேசையில் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டு போய், விழுந்துகிடந்த ஒரு நெடுங்கமுகை வெட்டிச் சீவித் தோளில் சுமந்து வந்தார்கள். பழையதைவிட ஆறு முழம் உயரம். நட்டு முடித்த பிறகுதான் அவர் வாய் திறந்தார். "இது கொஞ்சம் தூரத்துக்குத் தெரியும்."

அடுத்த நாள் கூரை வேய்ந்துகொண்டிருந்தபோது, நோனா பெண்களைக் கூப்பிட்டு மூட்டையை அவிழ்த்தா. எல்லாம் தைத்து முடித்திருந்தது. பூரணம் புருசனுடைய நீலச் சாறனை விரித்து, மேலும் கீழும் தேடினாள். தையல் கண்ணில் படவில்லை. நீலத் துணியில் நீல நூல்.

"சிவப்பு நூல் முடிஞ்சிட்டா நோனா?"

"முடியல்ல. சிவப்புப் பிழைக்கு. இந்தத் தரம் பிழை இல்ல. காசு கொண்டா."

பூரணம் வாயில் கைவைத்தாள். "அடி ஆத்தே! உசிரையும் காப்பாத்திட்டுக் கூலியும் கேக்கிறாவே!"

புயலுக்குப் பிறகு அந்த ஊரில் முதலில் கேட்ட சிரிப்பு அது. கூரை மேல் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒருவன் சிரிப்பில் கிடுகை என் தலையில் போட்டான். காசு அன்று யாரிடமும் இல்லை. மீன் பிடிபட்ட முதல் நாள் எல்லோரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நோனா எண்ணி வாங்கிக்கொண்டா.

அதற்குப் பிறகும் அவ பிழை விடாமல் இல்லை. ஐந்து வருடத்தில் மூன்று தரம் விட்டா. மூன்று தரமும் விடியற்காலையில் கடற்கரையில் போய் நின்றா. இப்போது நான் ரேடியோவில் கடல் வானிலை கேட்கிறேன். காற்றின் திசை, வேகம், அலையின் உயரம் எல்லாம் சொல்கிறார்கள். அநேகமாகச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நேற்றுச் சொன்னதில் எது பிழையாகப் போனது என்று முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குவார்களா என்று ஒவ்வொரு நாளும் காத்திருக்கிறேன். என் மகள் சிரிக்கிறாள்.

கடற்கரையில் சிவப்புத் தையல்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வந்தன. பத்துக்கு நாலாக இருந்தது மூன்றாகி, இரண்டாகி, ஒன்றாயிற்று. புயலுக்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு காலை நேரம். தண்டையல் எங்கள் வேலியருகே வந்து நின்றார். கடல் அமைதியாக இருந்தது. கம்பத்தில் ஒன்றுமில்லை. அவர் தோளில் ஒரு கந்தல் மூட்டை.

"நோனா, ஒருக்காப் பிழை விடுங்களன்" என்றார். "வீட்டில எல்லாச் சாறனும் கிழிஞ்சு கிடக்கு."

நோனா உள்ளே போய்க் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டியது கேட்டது. திரும்பி வந்து, வாயில் குண்டூசிகளோடு சொன்னா.

"இண்டைக்கு ஏலாது தண்டையல். முள் நல்லா ஏறி நிக்கிது. கடலுக்குப் போய் உழைச்சுக் கொண்டாங்க, காசுக்குத் தைப்பம்."

தண்டையல் மூட்டையை வேலிக்கு மேலால் போட்டுவிட்டுத் தோணி தள்ளப் போனார்.